வேர் காணாப் புற்றும் காத்திருக்கும் காலமும்

நோய்களுக்குப் பெயர் சூட்டுவதில் ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு காட்சியைக் கண்டிருக்கின்றது. பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் ஒரு கட்டியையும் அதைச் சுற்றிப் புடைத்து நின்ற இரத்தக் குழாய்களையும் பார்த்து, நண்டையும் அதன் கால்களையும் நினைத்தார்கள், 'கார்க்கினோஸ்' என்றார்கள். இலத்தீன் வழியாக அதுவே 'கான்சர்' ஆயிற்று. இன்று வங்காளத்தில் 'கர்க்கட ரோகம்' என்றும் மராட்டியில் 'கர்க்க ரோகம்' என்றும் வழங்குவது அதே நண்டுதான். மலையாளிகளும் கன்னடியரும் சுச்ருத சம்ஹிதையின் 'அர்புதம்' என்ற வடசொல்லைக் கொண்டார்கள். கேரளத்தில் குடியேறிய தமிழர் காதில் அச்சொல் முதன்முறை 'அற்புதம்' என்று விழுந்து அவரைத் திடுக்கிடச் செய்வதுண்டு.

தமிழ் மொழி கண்ட காட்சி வேறு. நாம் கண்டது கறையான் புற்று. மண்ணுக்கு மேலே தெரியும் மேட்டை எவரும் காணலாம். அதனுள் இருப்பவை எங்கிருந்து கிளம்பின, எவ்வழி வந்தன என்பது மண்ணுக்கடியில் மறைந்து கிடக்கும். நாம் இங்கு ஆராயப் புகும் நோய்க்கு இப்பெயரைவிடப் பொருத்தமான பெயர் வேறு எம்மொழியிலும் கிடைப்பது அரிது.

புற்றுநோய் ஓர் உறுப்பில் தோன்றி, பின்னர் வேறிடங்களுக்குப் பரவும். தோன்றிய இடத்துப் புற்றை ஆங்கில மருத்துவர்கள் 'பிரைமரி' என்பர். பரவிய இடத்ததை 'செகண்டரி' என்பர். இவற்றைத் தமிழில் தருவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. 'மூலம்' என்று எழுதினால் நம்மூரில் அது வேறொரு நோயைக் குறித்துவிடும். ஆகவே முதற்புற்று, கிளைப்புற்று என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். சில நோயாளிகளிடம் கிளைப்புற்று மட்டும் தென்படுகின்றது; எத்தனை தேடியும் முதற்புற்று அகப்படுவதில்லை. கழுத்தில் நெறி கட்டியதுபோல் ஒரு வீக்கம், ஊசி செலுத்திப் பார்த்தால் புற்றணுக்கள், வாய், தொண்டை, நாக்கடி, நுரையீரல் எங்கும் பார்த்தாகிறது, வேர் காணவில்லை. அறிக்கையில் 'முதற்புற்று அறியப்படவில்லை' என்று எழுதப்படுகின்றது. உலகில் காணப்படும் புற்றுநோய்களுள் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை இவ்வகையின என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் குறித்து வந்தன. சோதனை முறைகள் சிறக்கச் சிறக்க இவ்வெண் குறைந்து வருகின்றது.

இந்த ஒரு தொடர், பிற மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் விளைக்கும் கலக்கம் பெரிது. மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ ஆங்கிலத்தில் எழுதிய அறிக்கையை இந்தியிலோ வங்காளியிலோ விளக்கக் கேட்டு, அதை வீட்டிற்கு வந்து தமிழில் சொல்லும்போது, "கண்டுபிடிக்கவில்லை" என்பது "சரியாகப் பார்க்கவில்லை" என்று மாறிவிடுகின்றது. சிகிச்சை முடிந்து, "மூன்று மாதம் கழித்து ஸ்கேனுக்கு வாருங்கள்" என்றால், "வேரையே காணாதவர்கள் மூன்று மாதம் சும்மா இருக்கச் சொல்கிறார்களே" என்ற ஐயம் எழுகின்றது. ஊரிலிருந்து பெரியவர்கள் தொலைபேசியில் வேறு மருத்துவமனை சொல்கிறார்கள். சிகிச்சையை நடுவில் விட்டு இரயிலேறியோரும் உண்டு. அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது என்பதை வரலாறு தெளிவாகவே சொல்கின்றது. அஃது அலட்சியத்தால் வந்ததன்று; பலர் பட்ட துன்பத்திலிருந்து கற்றுக்கொண்டது.

புற்று இடம் விட்டு இடம் செல்லும் என்பதையே மருத்துவ உலகம் மெல்லத்தான் உணர்ந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர் ரெக்காமியே 1829-இல் தம் நூலில் இப்பரவலுக்கு 'மெட்டாஸ்டாஸிஸ்' என்ற சொல்லை ஆண்டார். 1889-இல் இலண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்தார். பரவல் தற்செயலாக நிகழவில்லை என்றும், விதை எங்கும் சிதறினாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றும் அவர் முடிவு கூறினார். விதைத்த வயல் ஒன்று, முளைத்த வயல் வேறொன்று என்றால், முளையைக் கண்டு விதைத்த வயலைத் தேடும் வேலை மருத்துவருக்கு வந்து சேர்கின்றது அன்றோ?

1907-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், அக்குளில் பெருங்கட்டிகள் தோன்றியும் மார்பில் எதுவும் தென்படாத நோயாளிகளைப் பற்றி எழுதினார். பின்னர்தான் அவர்களுடைய மார்பில் புற்று வெளிப்பட்டது. 1944-இல் நியூயார்க் நகரின் ஹேய்ஸ் மார்ட்டினும் அவருடைய துணைவரும், கழுத்து வீக்கமே புற்றுநோயின் முதல் அறிகுறியாக வருவதுண்டு என்று விரிவாக எடுத்துக்காட்டினர். கழுத்துக் கட்டியை அவசரப்பட்டு வெட்டாமல், முதலில் வாயையும் தொண்டையையும் துருவிப் பார்க்க வேண்டும் என்பது மார்ட்டின் வற்புறுத்திய கொள்கை. புகையிலையும் பாக்கும் மிகுந்த நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்று பெருவாரியாக இருப்பதால், இக்கழுத்து வீக்கம் நமக்கு அயலான செய்தியன்று.

தேடுவதற்கு அக்காலத்தில் இருந்தவை மருத்துவரின் கண், விரல், சிறு கண்ணாடி ஆகியவையே. 1895 நவம்பர் 8-ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார். எலும்பு தெரிந்தது, மெல்லிய தசைக்குள் ஒளிந்த சிறு கட்டி தெரியவில்லை. முக்கால் நூற்றாண்டு கழித்து, 1971 அக்டோபர் 1-ஆம் நாள், இலண்டனையடுத்த விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் அமைத்த இயந்திரம் ஒரு நோயாளியின் தலையை அடுக்கடுக்காகப் படம் பிடித்தது. அதுவே சி.டி. ஸ்கேன். 1979-இல் கார்மாக்குடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வியந்திரங்கள் உருவத்தைக் காட்டின. கட்டி உயிரோடு வளர்கின்றதா, வெறுந்தழும்பா என்று அவை பிரித்துச் சொல்லவில்லை. அதற்கு உதவிய உண்மை 1920-களிலேயே வெளிவந்திருந்தது. புற்றணுக்கள் பசித்தவன் சோற்றை அள்ளுவதுபோல் சர்க்கரையை அள்ளி எரிக்கின்றன என்று ஜெர்மன் அறிஞர் ஓட்டோ வார்பர்க் கண்டிருந்தார். 1976-இல் கதிர்வீசும் ஃபுளோரின் அணுவைக் குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளோடு பிணைத்து, அமெரிக்காவில் முதன்முதலாக மனித உடலில் செலுத்தினார்கள். சர்க்கரை எங்கு மிகுதியாகச் செல்கின்றதோ அங்கு ஒளிரும் படம் கிடைத்தது. பெட் ஸ்கேன் என்று நாம் இன்று கேள்விப்படுவது இதுவே. அந்த ஃபுளோரின் 110 நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே நெடுந்தூரத்திலிருந்து வரவழைத்துச் சேமித்து வைக்க இயலாது. இந்தியாவில் இதற்கான இயந்திரமும் அதற்குக் கதிர்ப்பொருள் ஆக்கும் சைக்ளோட்ரானும் 2002-இல் மும்பை பரேலில், அணுசக்தித் துறையின் கதிர் மருத்துவ மையத்தில் முதலில் அமைந்தன.

காத்திருத்தலின் காரணம் இவ்வியந்திரத்தின் தன்மையிலேயே இருக்கின்றது. அது காண்பது புற்றை அன்று, சர்க்கரைப் பசியை. மூளையும் இதயமும் இயல்பாகவே ஒளிரும். சளி பிடித்த தொண்டையும், நம் நாட்டில் மலிந்த காசநோய் தாக்கிய நெறிக்கட்டியும் ஒளிரும். கதிர் சிகிச்சை முடிந்த இடம் வெந்த புண்போல் அழன்றுகொண்டிருப்பதால் அதுவும் ஒளிரும். நம்மூரார் இச்சிகிச்சையைக் 'கரண்ட் வைத்தல்' என்பர். வடநாட்டார் ஒற்றடத்தைக் குறிக்கும் 'சிகாயி' என்ற சொல்லால் வழங்குவர். இரண்டு சொற்களிலும் சூடு இருக்கின்றது. அச்சூடு தணியுமுன் படம் எடுத்தால், இல்லாத நோயை இருப்பதாகக் காட்டி, வேண்டாத கத்திக்கு வழி செய்துவிடும்.

எவ்வளவு காலம் பொறுப்பது? இதற்கு விடை காணப் பிரிட்டனில் 2007 முதல் 2012 வரை, கழுத்து நெறிகளுக்குப் பரவிய தலை-கழுத்துப் புற்றுநோயாளர் 564 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினர். பாதிப் பேருக்கு அக்கால வழக்கப்படி கழுத்தில் அறுவை செய்வதென்று முன்னரே முடிவாயிற்று. மற்றப் பாதிப் பேர் மருந்தும் கதிரும் முடிந்து 12 வாரம் காத்திருந்து பெட் ஸ்கேன் எடுத்துக்கொண்டனர். ஐயம் இருந்தோருக்கு மட்டும் அறுவை. 2016-இல் முடிவு வெளியாயிற்று. முதற்பிரிவில் 221 கழுத்து அறுவைகள். காத்திருந்த பிரிவில் 54. இரண்டாண்டு முடிவில் உயிரோடிருந்தோர் அறுவைப் பிரிவில் 81.5 விழுக்காடு; காத்திருந்த பிரிவில் 84.9 விழுக்காடு. காத்திருந்தமையால் உயிருக்குக் கேடு வரவில்லை. பலருடைய கழுத்து கத்திக்குத் தப்பியது. இன்று ஒரு மருத்துவர் "மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்று எழுதும்போது, அந்நோயாளிகளின் அனுபவம் அவர் எழுத்தில் அடங்கியிருக்கின்றது.

முதல் ஸ்கேன் நன்றாக வந்த பின்னும் காத்திருத்தல் முடிவதில்லை. மீண்டும் சில மாதங்கள், பின்னர் அரையாண்டு, அப்பால் ஓராண்டு என்று தவணை நீள்கின்றது. இத்தவணைக் கணக்கிற்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபோக்மன், அறுவைக்குப் பின் மூன்றாண்டு நோய் திரும்பாவிடில் குணமாயிற்று எனக் கொள்ளலாம் என்றார். மூன்றாண்டிற்குப் பின்னும் நோய் திரும்பக் கண்டபோது அவ்வெல்லை போதவில்லை. இருபதாம் நூற்றாண்டில் ஐந்தாண்டு என்ற அளவு நிலைபெற்றது. ஐந்து என்பது இயற்கை விதித்த எண்ணன்று. மருத்துவர்கள் ஒப்புநோக்குவதற்காக வைத்துக்கொண்ட அளவுகோல்.

இந்த அளவுகோலுக்குப் பின்னால் ஒரு பிடிவாதக்காரரின் வாழ்க்கை இருக்கின்றது. பாஸ்டன் நகர மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், ஒவ்வொரு நோயாளியையும் நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து, சிகிச்சை பயன்பட்டதா, பயன்படாவிடில் ஏன் என்று குறித்து, அதை வெளியிடவும் வேண்டும் என்றார். பெரிய மருத்துவமனை அதை ஏற்கவில்லை. 1911-இல் தாமே ஒரு சிறு மருத்துவமனை தொடங்கினார். 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளில் 123 தவறுகள் நேர்ந்தன என்று அச்சிட்டு உலகிற்கு அறிவித்தார். உடன் தொழில் செய்தோரின் பகையும் பணமுடையும் அவரை வாட்டின. 1940-இல் அவர் மறைந்தபோது கல்லறையில் பெயர்க்கல்லும் இல்லை. 2014-இல்தான் கல் நாட்டினார்கள். இன்று "மறுபடி வந்து காட்டுங்கள்" என்று எந்த மருத்துவமனையில் சொன்னாலும், அதில் காட்மன் கேட்ட கேள்வி ஒலிக்கின்றது.

நம் நாட்டில் இவ்வழக்கம் வேரூன்ற நிலையங்கள் முதலில் வேண்டியிருந்தன. 1931-இல் மெஹர்பாய் டாட்டா அம்மையார் வேல்ஸ் நாட்டில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். செல்வர்கள் கடல் கடந்து செல்லலாம். ஏனையோர்க்குப் போக்கிடம் இல்லை என்ற நிலை. டாட்டா அறக்கட்டளை பரேலில் எழுப்பிய நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28-ஆம் நாள் திறக்கப்பெற்றது. கொல்கத்தாவின் சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரி 2-ஆம் நாள், மேரி கியூரியின் மகளாரான ஐரீன் ஜோலியோ-கியூரி திறந்து வைத்தார். சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1954-இல் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை அப்பணிக்கு உந்தியது. 1963-இல் பம்பாயில் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம், ஒரு நகரத்து மக்கள் அனைவரிடையேயும் காணப்படும் புற்றுநோய்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. 1981-இல் தேசியப் பதிவுத் திட்டம் உருவாயிற்று. முதற்புற்று அறியாத நோய்க்கும் இப்பதிவேடுகளில் தனிக் குறியீடு உண்டு. அறியாததையும் அறியாதது என்றே எழுதி வைப்பது நேர்மையான கணக்காகும்.

அறியாதது எப்போதும் அறியாததாகவே நிற்பதில்லை. 1983-இல் ஜெர்மன் அறிஞர் ட்சூர் ஹவுசனின் குழுவினர் கருப்பை வாய்ப் புற்றில் ஒருவகைப் பாப்பிலோமா வைரசைக் கண்டார்கள். 2008-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அதே வைரசு உள்நாக்குப் பக்கத்துச் சதையிலும் நாக்கின் அடியிலும் புற்றை உண்டாக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று கழுத்துக் கட்டியின் திசுவில் அவ்வைரசின் அடையாளம் தெரிந்தால், முதற்புற்று கண்ணுக்குத் தெரியாவிடினும் தொண்டையை நோக்கி விரல் நீட்டலாம். அறுவையும் கதிரும் அதற்கேற்ப அமையும்.

ஒரு சிலரிடம் வேர் கடைசிவரை அகப்படுவதில்லை. 1944 முதல் 2000 வரை வெளியான, முதற்புற்று அறியாது இறந்த 884 பேரின் பிரேதப் பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 644 பேரிடம் மட்டுமே முதற்புற்று கிடைத்தது. உடலைத் திறந்து பார்த்தும் ஏனையோரிடம் அது அகப்படவில்லை. ஆகவே ஸ்கேனில் காணாமை மருத்துவரின் குறை என்று கொள்வதற்கில்லை. வேர் தெரியாமலே சிகிச்சை செய்ய முடிகின்றது என்பதும் உண்மை. கழுத்து நெறியில் மட்டும் நின்ற நோயாளிகளுள்ளும், அக்குளில் மட்டும் நின்ற பெண்களுள்ளும் பலர் நெடுங்காலம் நலமாக வாழ்கின்றார்கள். ஈரல், எலும்பு எனப் பல உறுப்புகளில் பரவிய பின் காண்பது கடினமான நோய். அதை மறைப்பதில் பயனில்லை.

ஸ்கேன் அறிக்கையின் மொழியையும் சற்று நோக்குவோம். நல்ல அறிக்கையில் வருவது 'நோய்க்கான சான்று இல்லை' என்ற தொடர். அதை வீட்டில் 'நோய் இல்லை' என்று மொழிபெயர்த்தால் மிகையாகிவிடும். 'எதுவும் சொல்ல முடியாதாம்' என்றால் குறையாகிவிடும். இயந்திரம் காணத்தக்க அளவில் இன்று எதுவும் இல்லை என்பதே அதன் பொருள். ஒரு நாளின் உண்மையை அந்த நாளுக்குரிய அளவில் சொல்லுகின்றது. அடுத்த தவணை இருப்பதற்கும் அதுவே காரணம்.

தவணைகளின் இடைவெளி தரும் மனத்துயரம் சிறியதன்று. தேதி நெருங்கினால் உறக்கம் கெடும். சிறு இருமலும் பேருருக் கொள்ளும். வேர் காணாதோர்க்கு இத்துயரம் மற்றவரினும் மிகும். எங்கிருந்து திரும்பி வரும் என்று திசை தெரியாமையே காரணம். புற்றிலிருந்து மீண்ட அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் 2011-இல் இவ்வச்சத்தைத் தனிச்சொல் ஒன்றால் குறித்து எழுதினார். அதன்பின் அச்சொல் பரவலாயிற்று. அஃது உலகெங்கும் நோயாளர் படும் துயரம் என்று அறிவதே ஓர் ஆறுதல். நோயின் பெயரை நோயாளியிடமிருந்தே மறைத்து, எதற்கென்று சொல்லாமல் மூன்று மாதத்திற்கொருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கின்றது. அவர் காத்திருப்பதும் அஞ்சுவதும் உறுதி. காரணமறியாமல் அஞ்சுகின்றார் என்பதொன்றே வேறுபாடு. அவர் அறிய விரும்பும் அளவிற்கேனும் அறிவித்தல் நன்று.

காத்திருக்கும் காலம் வெறுங்காலமும் அன்று. தலை-கழுத்துப் புற்று திரும்புமானால் பெரும்பாலும் முதல் இரண்டாண்டுகளுக்குள் திரும்பும். தொடக்கத்தில் தவணை நெருக்கமாக இருப்பது அதனால்தான். ஒவ்வொரு வருகைக்கும் ஸ்கேன் வேண்டியதில்லை. மருத்துவரின் விரலும் குழாய்க் கண்ணாடியும் பலமுறை போதும். கழுத்தில் கதிர் பட்டவர்க்குத் தைராய்டு சுரப்பி மெல்லத் தளரக்கூடுமாதலால் இரத்தச் சோதனை வேண்டும். பல்லையும் பேண வேண்டும். புகையிலையை அறவே விட வேண்டும். இரு தவணைகளுக்கிடையே புதிய வீக்கமோ, விழுங்குவதில் வலியோ, காரணமற்ற எடைக்குறைவோ கண்டால் தேதிக்காகக் காத்திராமல் உடனே செல்ல வேண்டும். காத்திருக்கச் சொன்னது அறிகுறி இல்லாதபோது மட்டுமே.

வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் சிகிச்சையை முறித்துக்கொண்டு வேரைத் தேடி ஊர் ஊராய் அலைவது வேறு. பணிமாற்றத்தாலோ ஊர் திரும்புவதாலோ மருத்துவமனை மாறுவோர் இன்னொன்றையும் மறவாமல் கேட்டுப் பெறுதல் வேண்டும்: தம் திசு பதிந்த கண்ணாடிச் சில்லுகளும் மெழுகுக் கட்டியும். இன்று இல்லாத சோதனை நாளை வரும்போது, பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த அந்தச் சிறு மெழுகுக் கட்டியே விடை சொல்லக்கூடும். பழைய ஸ்கேன் படங்களும் வேண்டும். அவை கையிலிருந்தால்தான் புதியதில் தெரிவது மாற்றமா, பழைய தழும்பா என்று புதிய மருத்துவரால் பிரித்தறிய முடியும். இவற்றையெல்லாம் ஒரு பையில் இட்டு, தவணை எழுதிய அட்டையையும் அதிலேயே வைத்து, குறித்த நாளில் குறித்த இடத்திற்குச் செல்வதே நாம் செய்யத்தக்கது.